குடவோலையும் வாக்குச்சீட்டும்: கல்வராயன் மலை காட்டும் அவை வரலாறு

புலவர்க்கும் ஊரார்க்கும் பொதுவாக அமைந்த சொல் 'அவை'. நூல் இயற்றியவன் அதனை அவையில் அரங்கேற்றினான். வழக்குடையவன் தன் வழக்கினை அவையில் எடுத்துரைத்தான். இரண்டிடத்தும் முடிவு தனியொருவர் கையில் இல்லை. கூடியிருந்தோர் கையிலேயே இருந்தது. வள்ளுவர் பொருட்பாலில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பது, அவையின் ஏற்பு எத்துணை இன்றியமையாததாகக் கருதப்பட்டது என்பதைப் புலப்படுத்தும்.

பலர் கூடி ஒரு முடிவுக்கு வரும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. அவையில் அமரும் உரிமை யாருக்கு? கருத்து வேறுபடும்போது முடிவு காண்பது எங்ஙனம்? முடிவினை நிறைவேற்றுவோர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்? தமிழகத்தின் ஊராட்சி வரலாறு முழுவதும் இம்மூன்று வினாக்களுக்கு அவ்வக் காலம் அளித்த விடைகளின் வரலாறே எனலாம். அவற்றுள் முதல் வினாவே தலையாயது. இதனை உணர்த்தும் அண்மைச் சான்று கள்ளக்குறிச்சியை அடுத்துள்ள கல்வராயன் மலையில் கிடைக்கின்றது.

குடத்தில் இட்ட ஓலை

குடத்தில் ஓலையிட்டு எடுக்கும் வழக்கம் சோழர் காலத்திற்கும் முற்பட்டது. மருதன் இளநாகனார் பாடிய அகநானூற்று 77ஆம் பாடலில் இதற்குச் சான்று உண்டு. போர்க்களத்தில் வீழ்ந்த வீரரின் குடரைப் பருந்தினம் பற்றி இழுக்கும் காட்சிக்கு, கயிற்றால் பிணித்த குடத்தின் இலச்சினையை நீக்கி உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே எடுக்கும் செயலை அவர் உவமையாக்குகின்றார். கேட்போர் நன்கறிந்த ஒன்றையே புலவர் உவமையாகக் கொள்வர். ஆகவே அக்காலத்திலேயே அச்செயல் மக்கள் கண்ணுக்குப் பழகியிருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

இவ்வழக்கம் முழு விதிமுறையாகக் கல்லில் பொறிக்கப்பட்டது உத்திரமேரூரில் ஆகும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலையில் எழுதப்பட்டுக் கட்டாகக் கட்டப்பட்டன. சிறுவரும் முதியோரும் உட்பட மகாசபை முழுவதும் கூடிய இடத்தில், நம்பிமாருள் மூத்தவர் ஓலையிட்ட குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடித்தார். ஏதுமறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டினை எடுத்தான். அக்கட்டின் ஓலைகள் வேறொரு குடத்திலிட்டுக் குலைக்கப்பட்டன. அதிலிருந்து அச்சிறுவன் எடுத்த ஓலையை, மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தான். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனை வாசித்தனர். விரல்களை விரிக்கச் சொன்ன விதியில், கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைத்தல் கூடாது என்னும் எச்சரிக்கை தெரிகின்றது.

மூன்றாம் வினாவிற்கும் உத்திரமேரூர் கண்டிப்பான விடை தந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. பதவிக்காலம் 360 நாட்களே.

முதல் வினாவிற்கு அளித்த விடையோ மிகக் குறுகியது. கால் வேலிக்கு மேல் இறைகட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குட்பட்ட அகவை, வேதப் பயிற்சி ஆகியவை வேண்டும். அது பிரமதேயத்துச் சபை. அந்நிலத்தில் உழுதவர் பெயரும், அவ்வீடுகளில் வாழ்ந்த பெண்களின் பெயரும் எந்த ஓலையிலும் ஏறவில்லை. குடம் நேர்மையானது, ஆனால் குடத்துள் சென்ற பெயர்கள் சிலவே.

மலையில் நின்ற 'நாடு'

சோழர் காலத்தில் வேளாண் குடிகளின் அவை 'ஊர்' எனவும், பிரமதேயத்தின் அவை 'சபை' எனவும், வணிகரின் அவை 'நகரம்' எனவும், பல ஊர்கள் சேர்ந்த பரப்பின் அவை 'நாடு' எனவும் வழங்கின. சமவெளியில் 'நாடு' என்னும் அமைப்பு காலப்போக்கில் மறைந்தது. மலையில் அச்சொல் மறையவில்லை. கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பகுதியில் இன்றும் பெரிய கல்வராயன்மலை மேல்நாடு, கீழ்நாடு எனவும், சின்னக் கல்வராயன்மலை வடக்குநாடு, தெற்குநாடு எனவும் ஊர்ப்பகுதிகள் பெயர் பெற்றுள்ளன.

இம்மலையில் வாழும் பழங்குடியினர் 'மலையாளிகள்' எனப்படுவர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அமைந்த இப்பெயருக்கும் கேரளத்து மொழிக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறி வந்த உடன்பிறந்தார் மூவர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபு. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் மலையாளிகளிடையே பட்டக்காரர், மூப்பன் முதலிய தலைமைப் பட்டங்கள் வழங்கியதைப் பதிவு செய்துள்ளன. ஊர் வழக்கும் மணமுறிவும் திருவிழாவும் ஊரார் கூடிப் பேசித் தீர்க்கும் பொருள்களாயின. இங்கே ஓலையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. உடன்பாடு எட்டும் வரை பேசுவதே முறை. அம்முறையின் வலிமை, மாறுபட்டவரும் அமர்ந்து கேட்ட பின்னரே முடிவு பிறந்தது என்பதாகும். அதன் குறை, தலைமை பிறப்பு வழியே வந்தது என்பதாகும்.

அத்தலைமைகளுக்கு மேலே ஜாகீர்தார்கள் இருந்தனர். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்களாக விளங்கிற்று. கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை என்பது மரபு. ஆங்கிலேயர் காலத்திலும் நிலவரி ஜாகீர்தாருக்கே சென்றது. ஊர் அவை சிறு வழக்குகளைத் தீர்க்கலாம். நிலம் யாருடையது என்னும் பெரு வழக்கு அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

விடுதலைக்குப் பின் கால் நூற்றாண்டு

1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. நிலம், வரி, கல்வி என்னும் அளவுகோல்களைப் புறந்தள்ளி, 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கினை அரசியலமைப்பு வழங்கியது. உத்திரமேரூர்க் குடத்திற்கு வெளியே நின்றோர் அனைவரும் ஒரே நாளில் உள்ளே வந்தனர். 1963இல் இனாம் நிலங்களுக்கான ஒழிப்புச் சட்டமும் வந்தது.

எனினும் கல்வராயன் மலையின் ஜாகீர்கள் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது 1976ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள்தான். நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்த காலம் அது. நாடெங்கும் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டிருந்த வேளை. மலை மக்கள் ஜாகீரிலிருந்து விடுபட்ட நாளில் இந்தியக் குடிமக்கள் எவருக்கும் வாக்களிக்கும் வாய்ப்பில்லாதிருந்தது வரலாற்றின் முரண்.

அதன்பின்னும் காத்திருப்பு நீண்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச்சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனைத் தொடர்ந்து சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டது. 1976இல் மலை அரசின் ஆளுகைக்குள் வந்தபோதிலும் அம்மக்களுக்கு வாக்குரிமை கிட்டியது 1996இல்தான் என்னும் செய்தி அவ்வழக்கின் வாயிலாகவே பலருக்கும் தெரியவந்தது. முதல் பொதுத்தேர்தலுக்கும் அவ்வாண்டுக்கும் இடையே நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. சாலையும் மருத்துவமனையும் பள்ளியும் மலையேறத் தயங்கியதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, வாக்கில்லாதவன் வாசலில் எவரும் வந்து நிற்பதில்லை என்பது.

1996 என்னும் ஆண்டு தமிழக ஊராட்சி வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்பத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு அமைந்தது. 2016இல் பெண்களுக்கான பங்கு சரிபாதியாயிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்டப் பிரிப்பினால் தள்ளிவைக்கப்பட்ட ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9ஆம் நாள்களில் நிகழ்ந்தது.

எண்ணுதலும் அமர்தலும்

வாக்குச்சீட்டு வந்ததனால் மலையின் பழைய அவை தேவையற்றதாயிற்றா? அங்ஙனம் கருதுதல் பொருந்தாது. வாக்கு ஒரு நாள் நிகழ்ச்சி. அது ஆளைத் தேர்ந்தெடுக்கும். அமர்ந்து பேசுதல் ஆண்டு முழுவதும் நிகழ வேண்டுவது. அது பொருளை ஆராயும். மறைவறையில் தனித்து நின்று முத்திரையிடும் உரிமை, தலைவனுக்கு அஞ்சுவோனுக்கும் மனச்சான்றுப்படி முடிவு செய்யும் துணிவைத் தருகின்றது. ஊர்க்கூட்டத்தில் அத்துணிவு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் மறைவறையில் பிறர் கூறுவதைக் கேட்டுத் தன் கருத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பில்லை.

இவ்விரண்டும் சந்திக்கும் இடம் கிராம சபை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டு நிலத்தில் யாருக்கு உரிமை உண்டு என்னும் வினாவினை முதலில் கிராம சபையிடமே ஒப்படைக்கின்றது. சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் இருப்பர். 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சபையின் உறுப்பினரில் பாதிப்பேரேனும் வந்திருக்க வேண்டும். வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாயிருத்தல் வேண்டும். தீர்மானம் பெரும்பான்மையால் நிறைவேறும். தமிழகத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாமையால், பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டம் கல்வராயன் மலைக்குப் பொருந்தாது. ஆகவே இச்சபையின் மதிப்பு இம்மலையில் மேலும் மிகுதியாகின்றது. நிலம் யாருடையது என்று கேட்கும் தகுதியை ஜாகீர் காலம் எந்த ஊர் அவைக்கு மறுத்ததோ, அந்த அவைக்கே சட்டம் அவ்வினாவைத் திருப்பித் தந்திருக்கின்றது.

சட்டம் தந்ததனை அவை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வருகைப் பதிவேட்டில் கைநாட்டு மட்டும் போதாது. உத்திரமேரூர் கேட்ட கணக்கு, மலையின் 'நாடு' காத்த பொறுமை, அரசியலமைப்பு தந்த சமநிலை ஆகிய மூன்றும் ஓரவையில் கூட வேண்டும். சிறிய சங்கமாயினும் பெரிய நாடாயினும் இதுவே அளவை. தீர்மானத்தை எத்தனை பேர் ஏற்றனர் என்று கேட்குமுன், அவைக்கு வராதவர் யார், அழைக்கப்படாதவர் யார் என்று கேட்கும் அவையே நிலைக்கும். கல்வராயன் மலை அவ்வினாவிற்காக 1996 வரை காத்திருந்தது.