‘த’ முக்கால் ஆன காலம்

பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸின் நெற்றியில் ‘குன்றத்தூர்’ என்று எழுதியிருந்தால் படிப்பதற்கு யாருக்கும் சிரமமில்லை. கு, ன், ற, த், தூ, ர் என்று ஆறே எழுத்து. ஆனால் 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில், மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்த ஒருவர் இதே ஆறு எழுத்தைத் தேடுபொறியில் தேடியிருந்தால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் எழுந்திருப்பார்.

இத்தனைக்கும் இணையத்தில் அப்போது தமிழுக்குப் பஞ்சமில்லை. நாளிதழ்கள் வந்துவிட்டன, வார இதழ்கள் வந்துவிட்டன, இணையத்துக்கென்றே பிறந்த பத்திரிகைகளும் இருந்தன. குன்றத்தூர் முருகன் கோயில் திருவிழாவைப் பற்றி ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு பத்திச் செய்தி கிடந்தாலும் கிடந்திருக்கும். சிக்கல் வேறு. அந்தப் பக்கங்கள் ஒரு குறிப்பிட்ட உலாவியில், ஒரு குறிப்பிட்ட எழுத்துரு இருந்தால் மட்டும், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும்படி செய்யப்பட்டவை. தேடுபொறிக்குக் கண் கிடையாது. கோப்பில் இருக்கும் எண்களைத்தான் அது படித்தது. அந்த எண்கள் தமிழ் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995 அக்டோபரில் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. அதையே முதல் தமிழ் வலைப்பக்கமாகப் பலரும் சொல்வார்கள். அன்றைய கணினியில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். மொத்தம் 256 அறைகள். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் 128க்குள் பிரெஞ்சும் ஜெர்மனும் ஸ்பானிஷும் தங்கள் ஒட்டெழுத்துகளையும் குறிகளையும் வைத்திருந்தன. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் அந்தக் குறிகளின் படத்தை எடுத்துவிட்டு அதே அறைகளில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். திரையில் தமிழ், உள்ளே அதே ஐரோப்பியக் குறியின் எண்.

யார் எந்த அறையில் எந்த எழுத்தை வைப்பது என்பதற்கு விதி இல்லை. ஆளுக்கொரு ஏற்பாடு. லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ ஒருவிதம், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் ஒருவிதம், யாழ்ப்பாணத்திலும் டிடிபி கடைகளிலும் புழங்கிய ‘பாமினி’ இன்னொரு விதம். பத்திரிகைகளோ அச்சுக்கோப்புக்கு எந்த எழுத்துருவை வைத்திருந்தார்களோ அதையே வலைக்கும் கொண்டுவந்தார்கள்.

வாசகர் அந்த எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டும். பிரவுசிங் சென்டர்க்காரர் அதற்கெல்லாம் அனுமதிப்பாரா? இங்கேதான் உலாவிப் போர் உள்ளே நுழைகிறது. 1997இல் நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பு பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பிஎஃப்ஆர் என்ற முறையில் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இஓடி என்று வேறொரு முறையைக் கொண்டுவந்தது. ஒன்றின் கோப்பு மற்றதற்கு ஆகாது. தமிழ்த் தளம் நடத்தியவர் இரண்டையும் செய்துவைத்து, வருபவர் எந்த உலாவியில் வருகிறார் என்று ஒரு சிறிய ஸ்கிரிப்டைக் கொண்டு விசாரித்து, அதற்கேற்ற எழுத்துருவைக் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் லினக்ஸிலோ மேக்கிலோ வந்தவர் கண்ட கண்ட குறிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். போதாததற்கு இஓடி கோப்பை ஒரு தளத்தின் முகவரியோடு பூட்டிவைக்க முடியும். பக்கத்தைச் சேமித்து வீட்டில் திறந்தால் தமிழ் போய்விடும். 2000இல் வந்த நெட்ஸ்கேப் 6 தன் பழைய எழுத்துரு முறையையே கைவிட, அதை நம்பியிருந்த பக்கங்களின் கதை அந்த உலாவியில் முடிந்தது.

தேடுபொறியின் ரோபோ இந்த இரண்டு கட்சியிலும் இல்லை. அது எழுத்துருவை இறக்கவில்லை. அன்றைய ரோபோ ஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தின் எண்களை வாங்கி, சொல் சொல்லாக வெட்டி, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று சொல்லடைவு போட்டது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வெட்டு எப்படி விழுந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

இணையத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்து உருவாக்கிய ‘திஸ்கி’ என்ற குறியேற்றத்தை, அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாட்டை, எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு நான்கு எண்கள். ஐரோப்பியக் கண்ணாடி போட்டுப் படித்தால் ‘த’ இருக்கும் அறை முக்கால் என்னும் பின்னத்துக்குரியது. ‘ம’ தலையில் கோடு போட்ட ஏ. ‘மி’யின் கொக்கி அமெரிக்க சென்ட் காசின் குறி. ‘ழ்’ தலையில் கோடு போட்ட யூ. முக்கால், ஏ, சென்ட், யூ: தேடுபொறி கண்ட தமிழ் இதுதான். காசுக் குறியும் பின்னமும் சொல்லின் பகுதி ஆகாது என்று கருதும் தேடுபொறி அந்த இடங்களில் சொல்லை வெட்டிவிடும்.

சேக்கிழாருக்கு நேர்ந்தது இன்னும் மோசம். குன்றத்தூரில் பிறந்து, அருண்மொழித்தேவர் என்ற பெயரோடு இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்து, 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடியவர். சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின் மேல் கொண்ட பற்றால் சொந்த ஊரிலும் ஒரு நாகேஸ்வரத்தைக் கட்டியவர். திஸ்கியில் அவர் பெயருக்கு எட்டு எண்கள். முதல் எண் ‘ச’ அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பு. கையால் எழுதும் வரிசையிலேயே கணினியிலும் வைத்தார்கள். அந்தக் கொம்பு சட்டப் புத்தகங்களில் வரும் பிரிவுக் குறி. துணைக்கால், ஸ்பானிஷ்காரர்கள் வாக்கியத்தின் தொடக்கத்தில் போடும் தலைகீழ் ஆச்சரியக்குறி. கடைசி ‘ர்’ கணக்கில் வரும் வகுத்தல் குறி. இத்தனை குறிகளையும் தள்ளிவிட்டால் சொல்லடைவில் சேக்கிழாருக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று துண்டு எழுத்துகள்தான். குன்றத்தூரும் அதே வகுத்தல் குறியில்தான் முடிந்தது.

இதற்கு மேல் ஒரு நுணுக்கமான விபத்தும் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே கொள்வது தேடுபொறிகளின் வழக்கம். ‘குன்றத்தூர்’ தொடங்கும் ‘கு’ திஸ்கியில் இருந்தது, தலையில் சாய்கோடு போட்ட பெரிய ‘ஐ’யின் அறையில். அதே எழுத்தின் சின்ன வடிவத்துக்குரிய அறையில் இருந்தது ‘க்’. ஆங்கில வழக்கத்தை அப்படியே பொருத்திய தேடுபொறிக்குக் ‘கு’வும் ‘க்’கும் ஒன்றே. நாகரிகமாகச் சொன்னால் பிழை. உள்ளபடி சொன்னால், தமிழின் இலக்கணம் தெரியாத ஒருவர் தமிழ்ப் பக்கங்களுக்கு அகராதி போட்டார்.

விவரம் தெரிந்தவர்கள் இதையும் தாண்டிப் பார்த்தார்கள். முரசு அஞ்சல் மென்பொருளைத் திறந்து, பக்கம் எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறதோ அதே குறியேற்றத்தில் தேடல் பெட்டிக்குள் தட்டினால் சில சமயம் மாட்டும். பெட்டிக்குள் தெரிவதோ முக்காலும் சென்ட்டும். எந்தத் தளம் எந்த எழுத்துரு என்று மனப்பாடமாக இருந்தால்தான் இது கைகொடுக்கும்.

ஒழுங்குக்குக் கொண்டுவரும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தந்தது. திஸ்கிக்காரர்கள் திஸ்கியை விடவில்லை. பல குறியேற்றங்களுக்கு முடிவுகட்டக் கூடிய மாநாட்டுக்குப் பிறகு கணக்கில் இரண்டு கூடியது என்று கேலி செய்யலாம். ஆனாலும் விசைப்பலகை நிலைத்தது.

தீர்வு ஏற்கெனவே மேசையில் இருந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடின் 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு. அதில் தமிழ் எழுத்தின் எண் வேறெந்த மொழிக்கும் சொந்தமில்லை. ‘சே’ என்றால் முதலில் ‘ச’, பிறகு கொம்பு, ஒலிக்கும் வரிசை. ஆனால் கொம்பை இழுத்து முன்னால் போட்டுக் காட்டும் வேலையை இயங்குதளம் செய்ய வேண்டும். விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு அதைச் செய்தது. பிரவுசிங் சென்டர்களிலோ விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருந்தது. அங்கே யூனிகோட் தமிழ் உடைந்தும் கட்டம் கட்டமாகவும் தெரிந்தது. இடமும் கூடுதலாக வேண்டியிருந்தது: திஸ்கியில் ஆறு பைட்டில் அடங்கிய குன்றத்தூர், யூனிகோடில் பதினொரு குறிகளாகி, யூடிஎஃப்-8 முறையில் 33 பைட் ஆகிறது. வாசகர் இன்றைக்குப் படிக்க வேண்டுமா, தேடுபொறி நாளைக்குக் கண்டுபிடிக்க வேண்டுமா என்று வந்தபோது பத்திரிகைகள் வாசகர் பக்கம் நின்றதைக் குறைசொல்ல முடியாது. விண்டோஸ் எக்ஸ்பி வீட்டுக்கு வீடு வந்த பிறகும் பல வருடம் அதே இடத்தில் நின்றதைச் சொல்லலாம்.

முதலில் நகர்ந்தவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியது. குன்றத்தூர்க்காரரின் பெரியபுராணமும் அதில் உண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா யூனிகோடில்தான் வளர்ந்தது. வலைப்பதிவர்களும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். அவர்களைத் திரட்ட 2004இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ தொடங்கினார். சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றியைத் திறந்தால் அந்தக் காலத்தின் வரைபடமே கிடைக்கும்: பாமினி, மயிலை, அஞ்சல், விகடன், தினமணி, தினகரன், முரசொலி, நக்கீரன், டாம், டாப், திஸ்கி என்று நீளும் பட்டியல். ஒவ்வொரு பெயரும் ஒரு தனி எண் வரிசை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு ‘பத்மா’ என்ற நீட்சி வந்தது. நாகார்ஜுனா வென்னா செய்தது. பழைய பக்கத்தை உலாவிக்குள்ளேயே யூனிகோடாக்கிக் காட்டியது. பார்க்கிறவருக்கு நிம்மதி, தேடுபொறிக்குப் பயனில்லை, அதன் ரோபோ போனபோது பக்கம் பழையபடிதானே இருந்தது.

தேடுபொறியின் பக்கமிருந்தே மாற்ற முடியாதா என்று ஐதராபாத் ஐஐஐடியில் பிரசாத் பிங்களி, ஜகதீஷ் ஜகர்லமூடி, வாசுதேவ வர்மா மூவரும் முயன்றார்கள். ‘வெப்கோஜ்’ என்ற அவர்களுடைய தேடுபொறி, இந்திய மொழிப் பக்கங்களின் சொந்தக் குறியேற்றங்களை யூடிஎஃப்-8க்கு மாற்றிய பிறகே சொல்லடைவு போட்டது. 2006இல் எடின்பரோவில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள்.

தமிழுக்கான வேலையில் ஒரு பங்கு குன்றத்தூருக்குப் பக்கத்திலேயே நடந்தது. ஒரு காலத்தில் குரோம் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில், சி. ராஜம் 1949இல் நிறுவிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி இருக்கிறது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த வளாகம். அந்தச் சுஜாதாதான் பின்னாளில் ‘அம்பலம்’ இணைய இதழை நடத்தினார். அதே வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையம், நாட்டின் பல ஐஐடிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து மத்திய அரசின் நிதியில் செய்த பன்மொழித் தேடல் திட்டத்தில் தமிழுக்குப் பொறுப்பேற்ற நிறுவனங்களில் ஒன்று. சுற்றுலாத் தகவல்களுக்கான ‘சந்தான்’ தேடுபொறி அந்தத் திட்டத்தில் விளைந்தது.

எழுத்துருச் சிக்கலைத் தாண்டிய பிறகு எதிரே நின்றது தமிழ் இலக்கணம். ‘குன்றத்தூர்’ என்று தேடுகிறவருக்குக் குன்றத்தூரில், குன்றத்தூருக்கு, குன்றத்தூரிலிருந்து எல்லாம் வேண்டும். கடைசி ‘ர்’ரின் புள்ளி போய் ‘ரி’யோ ‘ரு’வோ ஆகிவிடுவதால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் பொருந்தாது. விகுதியைப் பிரித்து வேர்ச்சொல்லைக் காணும் உருபனியல் பகுப்பாய்வில் அந்த மையத்தார் பல வருடம் உழைத்தார்கள்.

இதற்கிடையே உலகமும் திரும்பியிருந்தது. வலையில் பழைய ஆங்கில, மேற்கு ஐரோப்பியக் குறியேற்றங்களை யூனிகோட் 2007 டிசம்பரில் முந்தியதாக கூகுள் அறிவித்தது. எந்தப் பக்கத்தையும் முதலில் யூனிகோடாக்கிக்கொண்டுதான் மேலே போகிறோம் என்றும் சொன்னது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டு நாட்களில், யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது. அது வசதிப்படாத இடங்களில் டேஸ்16 என்ற இன்னொரு குறியேற்றத்துக்கும் இடம் விட்டது.

பத்திரிகைத் தளங்கள் ஒவ்வொன்றாக மாறின. ஆனால் மாறிய தேதிக்கு முந்தைய பக்கங்களை எல்லாரும் பின்னோக்கிப் போய் மாற்றிவிடவில்லை. பிடிஎஃப் கோப்புகளில் பாமினி இன்னும் உயிரோடிருக்கிறது. அச்சகத்தில் பாமினியில் கோத்த மலரையோ அழைப்பிதழையோ பிடிஎஃப் ஆக்கினால், திரையில் அழகான தமிழ். நகலெடுத்து ஒட்டினால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று விழும். திஸ்கியாவது ஐரோப்பியக் குறிகளோடு நின்றது. பாமினி உட்கார்ந்திருப்பது நேரே ஆங்கில எழுத்துகளின் மேல். பொங்குதமிழ் மாதிரியான மாற்றிகளுக்கு வேலை இன்னும் தீரவில்லை.