ஒரு சதவீதத்துக்கு ஆயிரம்

செத்தவருக்கான சட்டம் நம் நாட்டில் 1855லேயே வந்துவிட்டது, ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்படுவதற்கு ஓராண்டு முன்பே. பிறர் தவறால் ஒருவர் இறந்தால் குடும்பம் நஷ்டஈடு கேட்கலாம் என்றது அது. ஆலையில் கை போனவருக்கு 1923இல் வழி பிறந்தது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரலுக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு என்று சதவீதமே போட்டார்கள். ரோட்டோரம் நடந்துபோய் மோட்டாரில் அடிபட்டு, சாகாமல் நொண்டிக்கொண்டு வீடு திரும்பியவர் இரண்டிலும் சேர்த்தியில்லை. அவர் கோர்ட் கட்டணம் கட்டி சிவில் வழக்குப் போட வேண்டும். ஜெயித்தாலும் வண்டிக்காரரிடம் பணம் இருந்தால்தான் உண்டு.

வக்கீல் குமாஸ்தாவாகவே தலை நரைத்தவன் நான். 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது என்னவோ 1946இல்தான். 1956 திருத்தத்தில் விபத்து வழக்குகளுக்கென்றே தீர்ப்பாயம் அமைக்க வழிசெய்தார்கள். நாங்கள் எம்.சி.ஓ.பி. என்று சொல்லும் கட்டுகளெல்லாம் அந்த வம்சம். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, மருந்துக்கடை பில்கள், எல்லாவற்றுக்கும் அடியில் மடங்கிப்போன எக்ஸ்ரே.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டிக்கு என்ன செய்வது? 1982இல் அதற்கும் ஒரு தொகை வைத்தார்கள்: செத்தால் 5,000 ரூபாய், கொடுங்காயம் என்றால் 1,000. 1988 சட்டத்தில் 8,500, 2,000. 1994இல் 25,000, 12,500. இப்போது, 2022 முதல், இரண்டு லட்சம், ஐம்பதாயிரம். தொகை ஏறியதைப் பார்க்காதீர்கள், பங்கைப் பாருங்கள். பிழைத்தவருக்குச் செத்தவரின் ஐந்தில் ஒரு பங்கு என்று தொடங்கி, ஒரே ஒருமுறை பாதிவரை வந்து, மறுபடி காலாகச் சுருங்கிவிட்டது. உயிர் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஈமச்செலவு ஒருமுறை, வைத்தியச் செலவு வருஷாவருஷம்.

நடப்பவரைக் கார் முதலில் தொடும் இடம் பெரும்பாலும் பம்பர். அது முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அந்த இடியில் கணைக்கால் எலும்பின் மேல்தட்டு நொறுங்கும் முறிவை பாஸ்டன் மருத்துவர் காட்டனும் பெர்க்கும் 1929லேயே வண்டிப் பாகத்தின் பேரை வைத்தே எழுதிவிட்டார்கள். இன்றும் டாக்டர்கள் பம்பர் முறிவு என்கிறார்கள். எலும்பு சில மாதங்களில் கூடிவிடும். மூட்டின் வழவழப்பான பரப்பு மேடுபள்ளமாகிவிட்டால், தேய்மானம் பல வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டும். அப்போது வழக்கு முடிந்து கட்டு ரெக்கார்டு அறையில் கிடக்கும். தீர்ப்புத் தொகை ஒரே தடவைதான். மூட்டு தேய்ந்தது என்று திரும்பிவந்து கேட்க முடியாது.

எங்கள் கோர்ட்டுகளில் ஒரு கணக்கு ஓடியது. டாக்டர் மனுதாரர் தரப்பு இரண்டாம் சாட்சியாகக் கூண்டேறி ஊனம் இத்தனை சதவீதம் என்பார். ஒரு சதவீதத்துக்கு ஆயிரம் ரூபாய். பிற்பாடு இரண்டாயிரம், மூவாயிரம். சத்தியமங்கலம் பக்கத்துப் பூக்கார அம்மா ஒருவருக்கு 35 சதவீதம் எழுதியிருந்தது. ரோட்டைக் கடக்கும்போது வேன் இடித்து முழங்கால் மடங்காமல் போயிற்று. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில், "உக்காந்துதானேம்மா பூக்கட்டறீங்க? காலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"கட்டறது உக்காந்துதானுங்க. வெடியக்காலம் மார்க்கெட்டுக்குப் போறதும் உக்காந்துக்கிட்டேங்களா? அதுவுமில்லீங்க, இப்பக் கீழ உக்காரவே முடியறதில்லீங்களே."

வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஊனத்துக்கு என்று வந்தது 35,000. நோவுக்கும் மருந்துச் செலவுக்கும் தனித்தலைப்பில் கொஞ்சம். வாய்க்கணக்காகவே போட்டுவிடலாம், அதற்கு நீதிபதி எதற்கு என்று எங்கள் வக்கீல் வராந்தாவில் முணுமுணுத்தார்.

உடம்பின் சதவீதம் வேறு, சம்பாத்தியத்தின் சதவீதம் வேறு என்பதை உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், 2011 தீர்ப்புத்தொகுப்பில் இருக்கிறது. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடும்; அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை போகாமல் இருக்கலாம்; ஆகவே ஆள் என்ன தொழில் செய்தார் என்று பாருங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு மனுதாரர் என்ன வேலை செய்தார், இப்போது அதில் எதைச் செய்ய முடியவில்லை என்று மனுவிலேயே விலாவாரியாக எழுத ஆரம்பித்தோம். பூக்கார அம்மாவின் வழக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

கெடு விஷயம் இதைவிட மோசம். 1988 சட்டப்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், காரணம் காட்டினால் அதிகபட்சம் ஒரு வருஷம். 1994இல் அந்தக் கெடுவையே எடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து அந்தச் சட்டத்தில் நடந்த நல்ல காரியங்களில் அது ஒன்று. எலும்பு கூடட்டும், உள்ளே வைத்த ராடை எடுக்கட்டும், சீழ் வைக்கிறதா பார்ப்போம், அப்புறம் போடலாம் என்று கட்சிக்காரருக்குச் சொல்ல முடிந்தது. 2019இல் திருத்தி, 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தேங்கும் வழக்கும் பொய் வழக்கும் குறையும் என்பது வாதம்; பொய் வழக்கு இருந்தது உண்மைதான். அதற்கு விலை கொடுப்பது நிஜமாக அடிபட்டவர். மாவுக்கட்டு பிரிக்குமுன்பே ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போய் வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிறோம். ஊனம் எத்தனை சதவீதம் என்ற இடத்தை மனுவில் காலியாக விட்டுத்தான் தாக்கல் செய்கிறோம். எந்த டாக்டராலும் அப்போது சொல்ல முடிவதில்லை.