வாழ்த்தும் இடித்துரையும்: சங்ககால அரசவையில் புலவர்

சங்ககாலப் புலவரைப் பரிசிலுக்காக மன்னரைப் புகழ்ந்தவர் என்ற அளவிலேயே மதிப்பிடும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. ஆயினும், உ. வே. சாமிநாதையர் 1894இல் பழைய உரையுடன் பதிப்பித்த புறநானூற்றைத் துறை நோக்கிப் பயில்வோர்க்கு, வரி, முற்றுகை, கொலைத்தண்டனை ஆகிய அரசின் கடுஞ்செயல்கள் மூன்றிலும் குறுக்கிட்டுப் பேசும் உரிமை புலவர்க்கு இருந்தமை புலப்படும். துறை என்பது ஒரு பாடல் எச்சூழலில், எந்நோக்கில் எழுந்தது என்பதைக் காட்டும் வகைப்பெயர். அவற்றுள் அரசனுக்குக் கடமையை எடுத்துரைப்பது செவியறிவுறூஉ எனவும், போரிலோ கொலையிலோ இறங்க முனைபவனைத் தடுத்து அமைதிப்படுத்துவது துணைவஞ்சி எனவும் பெயர்பெற்றன. இடித்துரைப்பதற்கென்றே மரபில் பெயர்கள் அமைந்திருந்தமை, அது புலமைத் தொழிலின் ஏற்கப்பட்ட பகுதியாக இருந்தமைக்குச் சான்றாகும்.

வரியைப் பற்றிய பாடல்கள் இவ்வகையில் தலையாயவை. வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிய 35ஆம் பாடலில், வெண்கொற்றக்குடை வெயிலை மறைப்பதற்கன்று, குடிமக்களுக்கு நிழல் தருவதற்கே என்றும், போர்வெற்றியும் உழவின் விளைவே என்றும் கூறி, உழுகுடியைக் காக்குமாறு வேண்டுகிறார். அவர் தம் நிலத்தின் பழைய வரிக்கடனை நீக்கிக்கொண்டார் என்று பாடலின் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது. இத்தகைய குறிப்புகள் பாடல்களைத் தொகுத்தோர் காலத்தில் சேர்ந்தவை என்பதால் அவற்றை எச்சரிக்கையோடு கொள்ளவேண்டும் எனினும், பாடலின் வேண்டுகோள் பாடலுக்குள்ளேயே இருக்கிறது. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரையும் (184) இதனோடு ஒத்ததே: விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறுநிலமும் யானைக்குப் பலநாள் உணவாகும், யானை தானே வயலில் புகுந்தால் உண்பதைவிட மிதித்தழிப்பதே மிகும். அரசின் இறைமுறை பற்றித் தமிழில் எழுந்த தொன்மையான சிந்தனைகளுள் இதனினும் தெளிந்த ஒன்றைக் காண்பது அரிது.

போரைத் தடுக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் கோவூர் கிழார். உறையூரைச் சோழன் நலங்கிள்ளி முற்றியிருக்க, உள்ளே அதே குடியைச் சேர்ந்த நெடுங்கிள்ளி அடைபட்டிருந்தபோது, இருவரும் சூடுவது சோழர்க்குரிய ஆத்திமாலையே, எவர் தோற்றாலும் தோற்பது நும் குடியே என அவர் எடுத்துரைத்தார் (45). மலையமான் என்னும் குறுநிலத் தலைவனின் மக்களை யானையின் காலில் இடவிருந்த கிள்ளிவளவனிடம் அச்சிறுவர்க்காகவும் (46), நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றர் எனக் கருதிக் கொல்லத் துணிந்த நெடுங்கிள்ளியிடம் அப்புலவர்க்காகவும் (47) மன்றாடியவரும் அவரே. பகைநாடுகளுக்கிடையே தடையின்றிச் செல்லும் உரிமையைப் புலவர் பெற்றிருந்தனர் என்பதையும், அவ்வுரிமை எத்துணை மெல்லிய இழையில் தொங்கியது என்பதையும் இக்கடைசிப் பாடல் ஒருங்கே காட்டுகிறது. கோவூர் கிழாரின் சொல் எப்போதும் வென்றது என்றும் கொள்வதற்கில்லை. நெடுங்கிள்ளி 'காரியாற்றுத் துஞ்சிய' என்னும் அடையைப் பெற்றமையே அவன் காரியாறு என்னும் இடத்தில் இறந்ததை உணர்த்துகிறது.

பரிசிலை நம்பி வாழ்ந்தவர்க்கு இவ்வலிமை எங்கிருந்து வந்தது? தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் பெயரில் வழங்கும் வஞ்சினப்பாடல் (72) விடை தருகிறது: பகைவரை வெல்லாவிடில், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர் தன் நாட்டைப் பாடாது விடுக என்று அவன் சூளுரைக்கிறான். பாடப்படாமை அரசனுக்கு இழிவாயிருந்த வரையில், பொருளுக்காகப் புலவர் அரசனை நாடியதைப் போலவே புகழுக்காக அரசன் புலவரை நாடவேண்டியிருந்தது. ஒரே அரசனைச் சாராது பல அவைகளுக்குச் செல்லக்கூடியவர்களாக இருந்தமையும் அவர்தம் சொல்லுக்கு உறுதி சேர்த்தது.

பேரரசு வலுப்பெற்ற பிற்காலத்தில் இச்சமநிலை குலைந்தது. முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் புகழுரை, நிலைபெற்ற மரபாயிற்று. அதில் உழுகுடியின் வரிச்சுமையை அரசனுக்கு எடுத்துரைக்கும் குரலுக்கு இடமில்லை.