மாலைக்குள் ஒரு மெக்சிகோ கிழங்கு

ஆண்டாள் மாலை திருப்பதிக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புரட்டாசி பிரம்மோற்சவத்தில், கருட சேவை நாளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிய மாலைதான் போகிறது. சித்திரையில் மதுரைக்கு வரும் கள்ளழகருக்கும் இங்கிருந்து மாலை உண்டு. அதில் என்ன பூ என்று யாரைக் கேட்டாலும் துளசி, செவ்வந்தி, சம்பங்கி என்பார்கள். கூடவே "ஆதி காலத்துல இருந்தே இதான்" என்று ஒரு வரியும் வரும். எனக்கு உறுத்தியது அந்த இரண்டாவது வரி.

துளசியைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஆண்டாளே பெரியாழ்வாரின் நந்தவனத்தில் துளசிச் செடி அடியில் கிடைத்த பிள்ளை. செவ்வந்தியின் கதை நீளமானது, சீனா வரை போகும். அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம். இங்கே சம்பங்கி மட்டும்.

இன்று பூக்கடையில் சம்பங்கி என்று கேட்டால் கிடைப்பது வெள்ளையாக, குழல் மாதிரி நீண்டு, மெழுகு தடவியது போல இதழ் தடித்த பூ. வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைக்கிறது. முழுப்பெயர் நிலச்சம்பங்கி. வடக்கே ரஜனிகந்தா. இதன் பூர்வீகம் மெக்சிகோ! அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் இதற்கு ஓமிசோசித்ல் என்று பெயர், அதாவது எலும்புப் பூ. காட்டில் தானாக வளர்கிற செடியாக இதை அங்கேயும் யாரும் கண்டதில்லை. மனிதன் கைபட்ட தோட்டங்களில் மட்டுமே இருக்கிறது.

இப்போது கொஞ்சம் வருஷக் கணக்கு. ஆண்டாள் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்று காவியமாக எழுதியவர் கிருஷ்ணதேவராயர். சூடிக்கொடுத்தவள் என்பதுதான் அந்தத் தலைப்பின் பொருள். அவர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. ஸ்பானியர்கள் அஸ்டெக் தலைநகரைப் பிடித்தது 1521ல். அப்படியானால் ராயர் தன் காவியத்தில் பாடிய மாலையில் கூட இந்தச் சம்பங்கி இருந்திருக்க வழியில்லை. அவருக்குப் பல நூறு வருஷம் முன்னால் வாழ்ந்த ஆண்டாள் கட்டிய மாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிறகு அந்த நந்தவனத்தில் என்ன பூ இருந்திருக்கும்? இதற்கு நல்ல சாட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெரியாழ்வார் திருமொழியில் யசோதை கண்ணனைப் பூச்சூட வா என்று அழைக்கிற பத்துப் பாசுரங்கள் உண்டு. பாட்டுக்கு ஒரு பூவாக வரும். மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி என்று நீள்கிற அந்த வரிசையில் முதலில் நிற்பது செண்பகம். நந்தவனம் வைத்துப் பராமரித்த ஒருவர் எழுதியது என்பதால், என் கண்ணுக்கு அது பக்திப் பாட்டாக மட்டுமில்லாமல் ஒரு சரக்குப் பட்டியலாகவும் தெரிகிறது (படிப்பு வணிகவியல், மன்னிக்கவும்).

விஷயத்தின் முடிச்சு இந்தச் செண்பகத்தில்தான் இருக்கிறது. வடமொழியில் சம்பகம், தமிழில் செண்பகம், தெலுங்கில் சம்பங்கி. மூன்றும் ஒரே மரம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு என்றே ஓர் இடம் இருக்கிறது. 1988ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு அந்தப் பக்கம்தான். அப்படி இருக்க, மரத்தின் பெயர் மெக்சிகோ கிழங்குக்கு எப்படிப் போனது? புதிதாக வந்த பூவுக்கும் கிறங்கடிக்கும் வாசனை இருந்தது. ஆனால் மரத்தில் இல்லை, தரையில் பூத்தது. ஆகவே நிலச்சம்பங்கி. தெலுங்கிலும் இதேபோல 'நேல சம்பங்கி', நேல என்றால் நிலம். கடையில் நாளாவட்டத்தில் 'நில' உதிர்ந்தது. சம்பங்கி என்ற பெயரே கிழங்குக்குச் சொந்தமாகிவிட்டது.

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் இதைச் சொன்னால் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. அந்த ஊர் ராஜுக்களே விஜயநகர காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். 1949ல் சென்னை மாகாண முதல்வரான பி.எஸ். குமாரசுவாமி ராஜாவைத் தந்ததும் அந்த ஊர்தான்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர்கள் தமிழில் பெயர் வாங்கிய விதத்தைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். சிலவற்றுக்கு 'நீ வெளியூர்' என்று முத்திரை குத்தியிருக்கிறோம். பறங்கிக்காய் அப்படி. சிலவற்றுக்கு நம் வீட்டுப் பெயரையே கொடுத்துவிட்டோம். மிளகைப் பார்த்து மிளகாய், செண்பகத்தைப் பார்த்து சம்பங்கி. ஆனால் மிளகாய்க்கு இன்றும் பழைய முறை மாறாத பெருமாள் கோவில் மடைப்பள்ளிகளில் இடமில்லை, அங்கே மிளகுதான் காரம். மடைப்பள்ளி வாசலில் நிறுத்தப்பட்ட நாட்டிலிருந்தே வந்த இன்னொன்று கர்ப்பகிரகத்துக்குள் மாலையாகப் போய்விட்டது. ஏன்?

என் கணிப்பு, கட்டுகிறவர் கையும் பயிர் செய்கிறவர் கணக்கும்தான் காரணம். செண்பகம் மரம். பூக்க வருஷங்கள் பிடிக்கும், இதழ் சீக்கிரம் பழுப்பேறி உதிரும். சம்பங்கி நட்ட மூன்று மாதத்தில் தண்டு விடும், ஒருமுறை நட்டால் இரண்டு மூன்று வருஷம் பறிக்கலாம், வருஷம் முழுக்கப் பூ கிடைக்கும். குழல் நீளமாக இருப்பதால் நாரில் வரிசையாக நிற்கும், தடித்த இதழ் சட்டென்று வாடாது. திருப்பதி 500 கி.மீ.க்கு மேல். இந்தத் தூரம் போகிற மாலைக்கு இதைவிட வசதியான பூ எது?

பெயர் மாறாட்டம் நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. வீட்டுக்குள் தொட்டியில் பெரிய சிவப்புப் புனல் மாதிரி பூக்கிற கிழங்கை அமரில்லிஸ் என்கிறோம். அது தென் அமெரிக்காவின் ஹிப்பியாஸ்ட்ரம். நிஜ அமரில்லிஸ் தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பெயர் யாருக்கு என்று தாவரவியலாளர்கள் பல காலம் சண்டை போட்டு, 1987ல் பெர்லின் மாநாட்டில்தான் ஆப்பிரிக்கச் செடிக்கே என்று தீர்த்தார்கள். கடைக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை, பழைய பெயரிலேயே விற்கிறார்கள்.

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். அமரில்லிஸ் கிழங்கை மேல் பாகம் மண்ணுக்கு வெளியே தெரிகிற மாதிரி நட்டு, வெளிச்சமுள்ள ஜன்னல் ஓரம் வைத்தால் போதும். பூத்த பிறகு இலையை வெட்டாமல் விட்டால் அதே கிழங்கு அடுத்த வருஷமும் பூக்கும். முதல் அப்படியே இருக்க வட்டி வருகிற மாதிரி. கிழங்கு விஷம், ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள் எட்டாத இடத்தில் வைக்கவும் :-) சம்பங்கிக்கு ஜன்னல் வெளிச்சம் போதாது, நல்ல வெயில் வேண்டும், மொட்டைமாடிதான் சரி. அதன் தாய்க்கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும். பிறகு சுற்றிலும் வைத்த குட்டிக் கிழங்குகள்தான் பூக்க வேண்டும். மூன்று வருஷத்தில் தொட்டி அடைத்துக்கொண்டு பூ சிறுத்துவிடும். தோண்டிப் பிரித்து, ஒரு மாதம் நிழலில் காயவிட்டு, பருத்த கிழங்காகப் பார்த்து ஆனி ஆடியில் மறுபடி நட வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகல்தான்.

கடைசியாக ஒரு தகவல். லின்னேயஸ் 1753ல் சம்பங்கிக்கு வைத்த பொலியாந்தஸ் என்ற பேரினப் பெயரும் இப்போது மாறிவிட்டது. 2017ல் அதை அகாவே இனத்தில் சேர்த்துவிட்டார்கள். தண்டவாளத்து ஓரம் முள்ளு முள்ளாக நிற்கிறதே ரயில் கற்றாழை, அதுதான் இந்தப் பூவுக்குப் பங்காளி. அதுவும் மெக்சிகோ பக்கத்துச் சரக்கு, அதுவும் இங்கே இருந்த கற்றாழையின் பெயரை வாங்கிக்கொண்டதுதான்.