வடக்கு வளையமும் சுற்று நேரமும்: ஒரு வரலாற்று நோக்கு

வேகத்தை அளந்தறியும் வேட்கை மோட்டார் வண்டியுடன் கூடவே பிறந்ததாகும். தொடக்க காலத்தில், ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்கு எந்த வண்டி முந்திச் சென்றது என்பதே வண்டிகளின் தரத்தைத் துணியும் அளவாக அமைந்திருந்தது. 1903ஆம் ஆண்டிலே பாரிஸிலிருந்து மட்றிட்டுக்கு நடத்தப்பெற்ற பந்தயம், வழியில் உயிர்கள் பல பலியானமையால், போர்தோ நகருடன் நிறுத்தப்பட்டது. பொதுவீதிகளில் இத்தகைய போட்டிகள் நிகழ்வது தகாது என்னும் எண்ணம் அதன் பின்னர் வலுப்பெற்றது. 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புறூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில், மோட்டார்ப் பந்தயத்துக்கெனவே அமைக்கப்பட்ட தடம் திறந்து வைக்கப்பட்டது. தொடங்கிய இடத்திலேயே முடிவடையும் மூடிய தடத்தில், வண்டியொன்று ஒரு முறை சுற்றிவர எடுக்கும் காலத்தை மீண்டும் மீண்டும் அளக்கலாம். அக்காலத்தைப் பிறிதொரு வண்டியின் காலத்துடன் ஒப்பிடலாம். 'சுற்று நேரம்' என்னும் அளவுகோல் வேரூன்றியது இவ்வாறேயாகும்.

நேர்ப்பாதையில் எட்டும் உச்ச வேகம் பெரும்பாலும் இயந்திரத்தின் வலுவையும் காற்றின் தடையையும் மாத்திரமே காட்டும். சுற்று நேரமோ அதனின்றும் வேறானது. வளைவை அணுகுமுன் வேகத்தைத் தணிக்கும் தடுப்பு, வளைவினுள் நிலத்தைப் பற்றிநிற்கும் ரயர், மேடுபள்ளங்களைத் தாங்கும் தொங்கலமைப்பு, வண்டியைத் தரையோடு அழுத்தும் காற்றியக்கம், வண்டியின் நிறை, சாரதியின் திறன் ஆகிய யாவும் அவ்வொரே எண்ணில் வந்து கூடுகின்றன. அவ்வெண்ணின் சிறப்பும் இதுவே, குறையும் இதுவே. பல காரணங்கள் கூடிப் பிறப்பித்த ஒரு பயனை, ஒரு காரணத்துக்கு மாத்திரம் உரியதாகக் கொள்ளும் மயக்கம் இங்கு எளிதில் நேர்ந்துவிடுகின்றது. இம்மயக்கம் எவ்வாறு வளர்ந்தது, அதனைக் களைய எத்தகைய முயற்சிகள் எழுந்தன என்பவற்றை ஆராய்வதற்கு ஜேர்மனியின் நூர்பேர்க்றிங் தடத்தின் வரலாறு மிகவும் ஏற்றதாகும்.

ஜேர்மனியின் மேற்கே ஐஃபெல் என வழங்கும் மலைப்பிரதேசம் முன்னர் வறுமை மிக்கதாய் இருந்தது. முதலாம் உலகப் போரின் பின்னர் அப்பகுதி மக்களுக்கு வேலை வழங்கும் நோக்கமும் சேர, 1925ஆம் ஆண்டிலே நூர்பேர்க் கோட்டையைச் சூழ்ந்து பந்தயத் தடமொன்று அமைக்கும் பணி தொடங்கிற்று. 1927ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அத்தடம் திறக்கப்பட்டது. அப்போது நிகழ்ந்த முதலாவது கார்ப் பந்தயத்தில் றூடோல்ஃப் கறச்சியோலா வெற்றியீட்டினார். வடக்கு வளையம், தெற்கு வளையம் என இரு பகுதிகளாக அமைந்த இத்தடத்தின் முழு நீளம் ஏறத்தாழ 28 கிலோ மீற்றராகும். அதில் வடக்கு வளையம் மாத்திரம் 22.8 கிலோ மீற்றர் நீளமுடையது. காடும் குன்றும் ஊடறுத்துச் செல்லும் இப்பாதையின் மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 300 மீற்றர் வேறுபாடுண்டு. ஒரு முனையில் வெயிலும் மறு முனையில் மழையும் ஒரே வேளையில் காணப்படுதல் இங்கு அரிதன்று.

வடக்கு வளையத்தின் வரலாற்றைச் சுற்று நேரங்களின் வீழ்ச்சியாகவே எழுதிவிடலாம். 1936இல் பேர்ண்ட் றோஸ்மையர் 10 நிமிடங்களுக்குக் குறைவான நேரத்தில் அதனைச் சுற்றிவந்தார். 1957ஆம் ஆண்டின் ஜேர்மன் பெரும்பரிசுப் பந்தயத்தில், ரயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் தரித்தமையால் பின்தங்கிப்போன வான் மனுவேல் ஃபான்ஜியோ, 9 நிமிடம் 17.4 செக்கனில் ஒரு சுற்றை முடித்து, முன்சென்ற இருவரையும் கடந்து வெற்றிபெற்றார். 1961இல் பில் ஹில் 9 நிமிட எல்லையைத் தாண்டினார். 1975இல் நிக்கி லவுடா, தகுதிகாண் ஓட்டத்தில் 6 நிமிடம் 58.6 செக்கனில் சுற்றிவந்து 7 நிமிட எல்லையையும் உடைத்தார்.

எண் குறையக் குறைய ஆபத்துப் பெருகிற்று. பாதுகாப்புப் போதாது எனச் சாரதிகள் மறுத்தமையால் 1970ஆம் ஆண்டின் ஜேர்மன் பெரும்பரிசுப் பந்தயம் ஹொக்கன்ஹைமுக்கு மாற்றப்பட்டது. பின்னர் தடம் திருத்தப்பட்டுப் பந்தயம் மீண்டபோதிலும், 1976 ஆகத்து 1ஆந் திகதி லவுடாவின் வண்டி தீப்பற்றி, அவர் கடும் எரிகாயங்களுக்கு உள்ளானார். முந்திய ஆண்டில் அத்தடத்தின் மிகக் குறைந்த நேரத்தை நிலைநாட்டியவரே மறு ஆண்டில் அங்கு உயிருக்குப் போராட நேர்ந்தமை வரலாற்றின் கொடிய முரணாகும். அதன் பின்னர் ஃபோமியுலா வண் பந்தயம் வடக்கு வளையத்துக்குத் திரும்பவேயில்லை. 1984இல் அருகே குறுகியதும் பாதுகாப்பு மிக்கதுமான புதிய தடம் திறக்கப்பட்டது. அதற்கான வேலைகளின்போது வடக்கு வளையமும் சுருக்கப்பட்டு, அதன் நீளம் 20.832 கிலோ மீற்றராயிற்று.

இச்சுருக்கம் ஒப்பீட்டின் அடிப்படையையே மாற்றிவிட்டது. 2013ஆம் ஆண்டிலே, வீதியில் ஓட்டுவதற்கு உரிமம் பெற்ற போர்ஷே 918 ஸ்பைடர் வண்டி 6 நிமிடம் 57 செக்கனில் வடக்கு வளையத்தைச் சுற்றிவந்தது. லவுடாவின் 1975ஆம் ஆண்டு நேரத்தோடு இதனை அருகருகே வைத்து நோக்குவோர், வீதி வண்டியொன்று ஃபோமியுலா வண் வண்டியை வென்றுவிட்டதெனக் கருதுதல் கூடும். ஆயின் லவுடா கடந்த தூரம் 22.835 கிலோ மீற்றர். போர்ஷே கடந்ததோ 20.6 கிலோ மீற்றர். சராசரி வேகத்தைக் கணித்தால் முன்னது மணிக்கு ஏறத்தாழ 196 கிலோ மீற்றர். பின்னது ஏறத்தாழ 178 கிலோ மீற்றர். தூரத்தைச் சொல்லாத நேரம், மன்னன் பெயர் சிதைந்த கல்வெட்டில் எஞ்சிநிற்கும் ஆட்சியாண்டினைப் போன்றது. எண் இருக்கும், அது எதனைச் சுட்டுகின்றது என்பது விளங்காது.

பந்தயம் நீங்கிய தடத்துக்கு வேறொரு வாழ்வு வாய்த்தது. மோட்டார் உற்பத்தி நிறுவனங்கள் புதிய வண்டிகளைச் சோதிக்கும் களமாக அது வளர்ந்தது. அதிவேக வண்டிகளைத் தொழிலாகச் சோதித்தெழுதும் பத்திரிகையாளரும் அங்கு சென்றனர். 'ஸ்போர்ட் ஓட்டோ' என்னும் ஜேர்மன் சஞ்சிகை 1990களின் பிற்பகுதி முதல் ஹோஸ்ட் ஃபொன் சவுர்மாவைச் சாரதியாகக் கொண்டு பல வண்டிகளை அத்தடத்தில் ஓட்டி, நேரங்களை வெளியிட்டு வந்தது. சாரதி ஒருவராகவே இருத்தலால் வண்டிகளுக்கிடையிலான வேறுபாடு ஓரளவு தெளிவாகப் புலப்பட்டது. பிரித்தானியத் தொலைக்காட்சியின் 'ரொப் கியர்' நிகழ்ச்சியும் 2002 முதல் டன்ஸ்ஃபோல்ட் விமானத்தளத்தில் இத்தகைய பட்டியலொன்றைப் பேணியது. ஈரமான தடத்தில் பெற்ற நேரங்கள் அங்கு தனிக்குறியிட்டுக் காட்டப்பட்டன. 2009இல் மைக்கேல் ஷூமாக்கர் ஃபெறாறி எஃப்எக்ஸ்எக்ஸ் வண்டியில் எல்லோரையும் விஞ்சிய நேரம் பெற்றபோதும், அவ்வண்டி வீதிக்குரியதன்று, அதன் ரயர்களும் பந்தய ரயர்கள் என்னுங் காரணத்தால் அந்நேரம் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. பொழுதுபோக்கு நிகழ்ச்சியொன்றே வரையறையின் இன்றியமையாமையை உணர்ந்திருந்தமை நோக்கற்பாலது.

உற்பத்தி நிறுவனங்கள் தாமே நேரங்களை அளந்து தாமே அறிவிக்கத் தலைப்பட்டபோது ஐயங்கள் பெருகின. 2008ஆம் ஆண்டிலே யப்பானிய நிறுவனமான நிசான், தனது ஜீரீ-ஆர் வண்டி 7 நிமிடம் 29 செக்கனில் வடக்கு வளையத்தைச் சுற்றியதாக அறிவித்தது. விலையிற் பன்மடங்கு உயர்ந்த வண்டிகளையும் அது விஞ்சிற்று என்பதே அச்செய்தியின் சாரம். போர்ஷே நிறுவனம் அதனை ஏற்கவில்லை. தாம் அத்தகைய வண்டியொன்றை வாங்கிச் சோதித்தபோது 7 நிமிடம் 54 செக்கனே பெற முடிந்ததென்றும், நிசான் பயன்படுத்திய ரயர்கள் வாங்குவோருக்குக் கிடைப்பவைதாமா என்பது ஐயமென்றும் அந்நிறுவனத்தார் கூறினர். நிசான் தன் கூற்றில் உறுதியாக நின்றது. வேறுபாடு 25 செக்கன். இரு தரப்பாரும் போட்டியாளர். இரு தரப்பாரும் தத்தம் சாரதியையே நம்பினர். நடுநின்று அளந்தவர் எவருமிலர். தன் வழக்கில் தானே சாட்சியாக நிற்பவனின் கூற்று பொய்யாக வேண்டுவதில்லை. எனினும் அது முடிந்த முடிபாகவும் மாட்டாது.

ரயர் பற்றிய இவ்வையம் அற்பமானதன்று. வரித்தடங்கள் குறைந்து பந்தய ரயரை அண்மித்து நிற்கும் ரயர்கள், உலர்ந்த தடத்தை இறுகப் பற்றும், ஆயின் மழையிற் பலவீனமடையும், விரைந்து தேயும். ஒரே வண்டி ரயர் மாற்றத்தினாலேயே பல செக்கன்களை மீதப்படுத்திக்கொள்ளும். எனவே வண்டியின் பெயரை மாத்திரம் கூறி, ரயரின் பெயரைக் கூறாது வெளியிடப்படும் நேரம் பாதிச் சான்றேயாகும்.

தூரத்தைப் பற்றிய குழப்பமும் நெடுங்காலம் நீடித்தது. பார்வையாளர் மேடையின் அருகேயுள்ள நேர்ப்பாதையை விடுத்து, 20.6 கிலோ மீற்றருக்கே பலரும் நேரம் அளந்தனர். முழுச் சுற்றோ 20.832 கிலோ மீற்றர். விடுபட்ட பகுதி ஏறத்தாழ 230 மீற்றர்தான். ஆயினும் அதன் விளைவு பெரிது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் மேர்சிடஸ்-ஏஎம்ஜி ஜீரீ பிளாக் சீரிஸ் 6 நிமிடம் 43.616 செக்கன் பெற்றது. 2021 யூனில், மான்டை நிறுவனத்தின் துணைப்பாகங்கள் பொருத்தப்பெற்ற போர்ஷே 911 ஜீரீ2 ஆர்எஸ் 6 நிமிடம் 43.300 செக்கன் பெற்றது. இரண்டுக்குமிடையே மூன்றிலொரு செக்கன் கூட இல்லையெனத் தோன்றும். ஆயின் முன்னது குறுகிய அளவுக்குரியது. பின்னது முழுச் சுற்றுக்குரியது. முழுச் சுற்றில் மேர்சிடஸின் நேரம் 6 நிமிடம் 48.047 செக்கன், எனவே உண்மையான இடைவெளி 4.747 செக்கன். எண்கள் இரண்டும் பிழையற்றவை. அவற்றை அருகருகே வைத்ததே பிழை.

இக்குழப்பங்களின் பயனாக 2019ஆம் ஆண்டில் தடத்தை நிருவகிக்கும் நிறுவனம் விதிகளை வகுத்தது. முழுச் சுற்றான 20.832 கிலோ மீற்றருக்கே நேரம் அளத்தல், வண்டிகளை வகை பிரித்தல், நொத்தாரிசு ஒருவரின் முன்னிலையிற் சான்றுபடுத்தல் என்பன அவற்றுட் சில. தடம் திறந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற் சென்ற பின்னரே, 'ஒரு சுற்று' என்பது யாதென யாவருக்கும் பொதுவாக வரையறுக்கப்பட்டது என்பது வியப்புக்குரியது. நம்பிக்கை நிலவியவரை விதி தேவைப்படவில்லை. நம்பிக்கை குலைந்தபோது விதி பிறந்தது.

விதிகள் வகுத்த பின்னரும் இயற்கை அவற்றுக்குக் கட்டுப்படுவதில்லை. மேர்சிடஸ்-ஏஎம்ஜி வண் வண்டி 2022 ஒக்ரோபரில் 6 நிமிடம் 35.183 செக்கன் பெற்றது. அதே வகை வண்டி, அதே சாரதியான மாறோ எங்கலின் கையில், 2024 செப்ரெம்பரில் 6 நிமிடம் 29.090 செக்கன் பெற்றது. ஆறு செக்கன்களுக்கு மேற்பட்ட இவ்வேறுபாட்டை வண்டியின் மேல் ஏற்றவியலாது. தடத்தின் ஈரம், காற்றின் வெப்பநிலை, சாரதி அடைந்த பழக்கம் என்பனவற்றுக்கும் அதிற் பங்குண்டு. அங்ஙனமாயின், வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு சாரதிகள் ஓட்டிய இரு வண்டிகளுக்கிடையே இரண்டொரு செக்கன் வேறுபாட்டைக் கொண்டு உயர்வு தாழ்வு கற்பித்தல் எவ்வாறு பொருந்தும்?

இவ்வெண்களுக்குப் பின்னால் உயிர்களும் உள்ளன என்பதை மறத்தலாகாது. 2015 மார்ச்சில் வடக்கு வளையத்தில் நிகழ்ந்த பந்தயமொன்றிலே வண்டியொன்று வேலியைத் தாண்டிச் சென்றதனால் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் தடத்தின் சில பகுதிகளில் வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. நேரச் சாதனை முயற்சிகளும் தடைப்பட்டன. தடம் திருத்தப்பட்ட பின்னர் 2016இல் அக்கட்டுப்பாடுகள் நீங்கின. ஃபோமியுலா வண் சாரதிகள் ஆபத்தெனக் கைவிட்ட தடமே, வீதி வண்டிகளை விற்பதற்கான பெருமைச் சின்னமாக மாறியுள்ளமை சிந்தனைக்குரியது.

ஆகவே, சுற்று நேரம் பயனற்ற அளவுகோல் எனத் தள்ளுவதும் தவறு. அதுவே இறுதித் தீர்ப்பெனக் கொள்வதும் தவறு. எத்தூரம், எந்த ரயர், எந்தச் சாரதி, எத்தகைய காலநிலை, அளந்தவர் யார் என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை உள்ளவிடத்து அது நல்ல சான்று. விடையில்லாதவிடத்து அது விளம்பரம் மாத்திரமே. 1975இன் லவுடாவும் 2013இன் போர்ஷேயும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கலாம்; ஆயின் அவர்கள் ஓடியது ஒரே தடத்தையன்று. பட்டியலை வாசிப்பவர் இதனை நினைவிற் கொள்வாராயின், செக்கனின் ஆயிரத்திலொரு பங்குவரை நீளும் அவ்வெண்கள் அவரை மயக்கமாட்டா. அவருக்கு உண்மையைக் கூறும்.