அலுமாரியில் இருந்தது, பட்டியலில் இல்லை

2012 ஆம் ஆண்டு ஒரு மழைநாளில், நான் அப்போது வேலைசெய்த நூலகத்தின் உசாத்துணை மேசைக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயது தாண்டியிருக்கும். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்துபோன கடிதங்கள்.

"மிஸ், தொண்ணூறாம் ஆண்டு வவுனியாவில எங்கட அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போனவை. பிறகு ஒரு ஆணைக்குழு வந்து விசாரிச்சது. அம்மா போய்ச் சொன்னவ. அந்த அறிக்கை லைப்ரரியில இருக்குமெண்டு சொல்லிச்சினம்."

கணினியில் தேடினேன். 'காணாமல் போனோர்' என்று தமிழில் போட்டேன். ஆங்கிலத்திலும் போட்டுப் பார்த்தேன். லத்தீன் அமெரிக்கா பற்றிய இரண்டு நூல்களும், அப்போதுதான் வந்துசேர்ந்திருந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 2011 அறிக்கையும் திரையில் வந்தன. அவர் கேட்டது அதுவல்ல. "எங்களிட்ட இல்லை அக்கா" என்றேன். தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

சில மாதங்களுக்குப் பிறகு கொழும்பில் நூலகர்களுக்கான ஒரு பயிற்சிநெறிக்குப் போயிருந்தேன். தேநீர் இடைவேளையில், ஒரு சமூக ஆய்வு நிறுவனத்தின் நூலகராக இருந்தவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "1994 இல் மூன்று வலய ஆணைக்குழுக்கள் போட்டார்கள். ஒன்று வடக்கு கிழக்குக்கு. அறிக்கைகள் 1997 இல் அமர்வறிக்கையாக வந்தவை. உங்களிடம் அமர்வறிக்கைத் தொகுப்பு இருக்குத்தானே, அதற்குள் பாருங்கள்" என்றார்.

இருந்தது. நான் தினமும் கடந்துபோகும் அலுமாரியில், அரசாங்க வெளியீடுகளின் வரிசையில், ஆண்டுவாரியாகக் கட்டிய தடித்த தொகுதி ஒன்றுக்குள் அது இருந்தது. எங்கள் பட்டியலில் அந்தத் தொகுதி முழுவதற்கும் ஒரேயொரு பதிவு: 'அமர்வறிக்கைகள், 1997'. உள்ளே என்ன இருக்கிறது என்பதை யாரும் எழுதவில்லை. அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக மூன்று ஆண்டுகள் இருந்த நானும் எழுதவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அழைப்பெடுத்தேன். வந்தார். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து, தனக்கு விளங்கிய அளவு ஆங்கிலத்தில் வாசித்தார். அண்ணனின் பெயர் அதில் எங்கும் கண்ணில் படவில்லை. தேவையென்று அவர் காட்டிய பக்கங்களைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். அவற்றையும் அந்தப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

நூலகர்களின் தொழில்சார் வளர்ச்சி, கூட்டுச் செயற்பாடு என்ற சொற்கள் கருத்தரங்கு அழைப்பிதழில்தான் வழமையாக வரும். எனக்கு அவற்றின் பொருள் விளங்கியது அந்தத் தேநீர் இடைவேளையில். பயிற்சியில் அன்று என்ன படிப்பித்தார்கள் என்பது இப்போது ஞாபகமில்லை.

சமூக விஞ்ஞான நூலகர் என்பவர் சமூகவியல், மானுடவியல், அரசறிவியல், பொருளியல், புவியியல் போன்ற துறைகளுக்குரிய சேகரங்களைப் பார்ப்பவர். பாடநூலும் சஞ்சிகையும் இந்த வேலையில் சுலபமான பகுதி. கடையில் வாங்கலாம், சந்தா கட்டலாம். கஷ்டமானவை கடைக்கு வராதவை: ஆணைக்குழு அறிக்கைகள், தொண்டு நிறுவனங்களின் ஆய்வுகள், றோணியோவில் அடித்த துண்டுப்பிரசுரங்கள், மாவட்டச் செயலகப் புள்ளிவிபரக் கையேடுகள், பிரசைகள் குழுக்களின் கடிதங்கள். முப்பது ஆண்டு யுத்தத்தில் எங்கள் வாழ்க்கை பெரும்பாலும் இந்த வகைத் தாள்களில்தான் எழுதப்பட்டது. முந்நூறு பிரதி அடித்திருப்பார்கள். ஒன்று கொழும்பில் ஒரு நிறுவனத்தில் இருக்கும், ஒன்று மட்டக்களப்பில் ஒரு குருமனையில், இன்னொன்று லண்டனில் யாரோ ஒருவரின் அறையில். எந்த நூலகமும் தனியே இவற்றைச் சேர்த்து முடிக்க முடியாது. எது யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிவைப்பதுதான் இந்தத் துறையில் பாதி வேலை.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1933 இல் க.மு. செல்லப்பா தன் வீட்டில் ஆரம்பித்த சிறு நூலகத்திலிருந்து வளர்ந்தது அது. 97,000 என்ற எண்ணை நாங்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் அந்த 97,000 இல் பத்து நூல்களின் பெயரைச் சொல்லச் சொன்னால் எங்களில் எத்தனை பேரால் முடியும்? ஒரு நூலகத்தின் பட்டியல் இன்னொரு நூலகத்திலும் இருந்தால், கட்டடம் போனாலும் எவை போயின என்பது தெரியும். வேறெங்கு தேடுவது என்பதும் தெரியும். அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. பழைய 'ஈழநாடு' இதழ்களைத் தேடுகிறவர்கள் இன்றைக்கும் நூலகம் நூலகமாக ஏறி இறங்குகிறார்கள்.

நாட்டில் கூட்டு முயற்சியே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. இலங்கை நூலகச் சங்கம் 1960 இல் ஆரம்பித்தது. களனிப் பல்கலைக்கழகத்தில் நூலக விஞ்ஞானத்துக்கென்று ஒரு துறை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999 இல் வந்தது. பல்கலைக்கழக நூலகர்களுக்குத் தனிச் சங்கமும் சஞ்சிகையும் உண்டு. மருத்துவ நூலகங்களுக்கு ஹெலிஸ், விவசாய நூலகங்களுக்கு அக்ரிநெட் என்று துறைவாரியான வலையமைப்புகளும் இயங்கின.

சமூக விஞ்ஞானத்துக்கும் ஒன்று இருந்தது. 1980களில் கொழும்பு மார்கா நிறுவனத்தை மையமாக வைத்து, கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆய்வு மையத்தின் உதவியோடு, தெற்காசிய நாடுகளின் ஆய்வு நிறுவனங்களை இணைத்து 'டெவின்சா' என்ற தகவல் வலையமைப்பு உருவானது. ஒவ்வொரு நாட்டிலும் வெளிவரும் பொருளாதார, சமூக ஆய்வுகளின் சுருக்கங்களைச் சேர்த்து எல்லோருக்கும் சுற்றுக்கு விடுவது அதன் வேலை. இணையம் இல்லாத காலத்தில் அது பெரிய காரியம். ஆனால் அது ஆங்கிலச் சுருக்கங்களின் உலகம். தமிழில் வந்த துண்டுப்பிரசுரத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. என்னோடு இப்போது வேலைசெய்யும் இளையவர்களில் எவருக்கும் டெவின்சா என்ற பெயர் தெரியாது. வெளிநாட்டுத் திட்ட நிதியில் கட்டும் வலையமைப்புகளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அறிக்கை எழுதுவதற்கு ஆள் இருக்கும்வரை அவை இருக்கும்.

வடக்கில் இருந்தவர்களுக்கு இவற்றில் பங்கெடுப்பதே ஒரு பிரயாணப் பிரச்சினையாக இருந்தது. 2002 இல் ஏ9 திறந்தபோது சில ஆண்டுகள் மூச்சு விட்டோம். கொழும்பு, பேராதனை, களனி என்று போய்வந்தோம். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடியும் மூடியது. கப்பலிலோ விமானத்திலோ, பாதுகாப்பு அனுமதி எடுத்துத்தான் போகவேண்டும். இரண்டு நாள் செயலமர்வுக்கு இரண்டு வாரம் அலைய யாருக்கு மனம் வரும்? அந்த ஆண்டுகளில் மற்றப் பல்கலைக்கழகங்களின் நூலகர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். நாங்கள் அறிமுகமே இல்லாதவர்களாக 2010 இல் போய் நின்றோம்.

ஓர் ஆவணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதாது. அதை எந்தச் சொல்லில் பதிவது என்ற கேள்வி அடுத்து வரும். டூயி தசமப் பகுப்பில் எங்கள் யுத்தம் ஒரு இடத்தில் இல்லை. வரலாறு என்றால் 954.93. இன உறவு என்றால் 305.8. மனித உரிமை என்றால் 323. அகதிகளுக்கான உதவி என்றால் 362.87. ஒரே முகாமைப் பற்றிய நான்கு அறிக்கைகள் நான்கு அலுமாரிகளில் நிற்கும். அவற்றை இணைத்துத் தருவது பொருட்தலைப்பு. பெரும்பாலான நூலகங்கள் அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகத்தின் தலைப்புகளைப் பின்பற்றுகின்றன. அங்கே எங்கள் போர் 'இலங்கை, வரலாறு, உள்நாட்டு யுத்தம், 1983-2009' என்று இருக்கிறது. 1983 க்கு முன் நடந்த 1977 வன்செயல்கள், அவற்றை விசாரித்து 1980 இல் அமர்வறிக்கையாக வந்த சன்சோனி ஆணைக்குழு அறிக்கை எல்லாம் அந்த ஆண்டுக்கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

தமிழில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கவேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களுக்கு நடந்தது வெளியேற்றம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்களுக்கு நடந்ததை நாங்கள் இடப்பெயர்வு என்கிறோம். இரண்டையும் 'இடம்பெயர்ந்தோர்' என்ற ஒரே தலைப்புக்குள் போட்டால், பட்டியலாக்குபவரின் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். புத்தளத்திலிருந்து தன் ஊரைப் பற்றித் தேடி வருகிற ஒருவருக்கு, தான் விரட்டப்பட்டது அந்தப் பட்டியலில் இல்லை. அதேபோல அரச அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் 'காணாமற்போன ஆட்கள்' என்று இருக்கும். வீதியோரக் கொட்டகையில் இருக்கும் தாய்மார் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பார்கள். இரண்டு சொல்லிலும் தேட வருவார்கள். இரண்டையும் போட்டு ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிகாட்ட வேண்டும். எந்தச் சொல் முதன்மை என்பதை ஒரு நூலகர் தன் மேசையில் தனியே இருந்து முடிவுசெய்யக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

தலைப்புகள் கல்லில் வெட்டியவை அல்ல. சான்ஃபோர்ட் பெர்மன் என்ற அமெரிக்க நூலகர் 1971 இலேயே கொங்கிரஸ் நூலகத் தலைப்புகளில் உள்ள பாரபட்சங்களைப் பட்டியலிட்டுப் புத்தகம் போட்டார். 2014 இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி மாணவர்களும் நூலகர்களும் சேர்ந்து, குடியேறிகளைச் 'சட்டவிரோத அந்நியர்' என்று அழைக்கும் தலைப்பை மாற்றக் கேட்டார்கள். 2016 இல் கொங்கிரஸ் நூலகம் சம்மதித்தது. அரசியல்வாதிகள் குறுக்கிட்டார்கள். 2021 நவம்பரில்தான் மாறியது. அமெரிக்காவில் மானுடவியல், சமூகவியல் நூலகர்கள் தங்களுக்குள் ஒரு பிரிவாகக் கூடி, தங்கள் துறைக்கு வரும் புதிய தலைப்புகளைத் தொகுத்து ஒருவருக்கொருவர் அறிவித்துவருகிறார்கள். புதிய தலைப்பொன்றை முன்மொழிய, அந்தச் சொல்லைக் கையாளும் வெளியீடுகள் இருப்பதைக் காட்டவேண்டும். எங்களிடம் வெளியீடுகள் இருக்கின்றன. காட்டுவதற்குச் சேர்ந்து உட்காரத்தான் ஆட்கள் வேண்டும்.

ஆளின் பெயரிலும் இதே தொல்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பியின் ஆங்கில நூல்களில் பெயர் 'எஸ்' எழுத்தில் ஆரம்பிக்கும். கொங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் அதே பெயர் 'சி' எழுத்தில் ஆரம்பிக்கும். இரண்டையும் இணைக்காத பட்டியலில் அவர் இரண்டு ஆட்கள். ஒரு மாணவர் பாதிச் சிவத்தம்பியை மட்டும் வாசித்துவிட்டு ஆய்வேடு எழுதுவார். அவரைக் குறைசொல்ல முடியாது.

தமிழில் நடந்த பெரிய கூட்டுவேலை நூலகங்களின் சுவர்களுக்கு வெளியேதான் நடந்தது. யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்து பின் பிரித்தானியாவுக்குப் புலம்பெயர்ந்த என். செல்வராஜா 'நூல்தேட்டம்' என்ற பெயரில், தொகுதிக்கு ஆயிரம் பதிவுகளாக, ஈழத்துத் தமிழ் நூல்களின் விபரங்களைத் திரட்டிவருகிறார். 2005 இல் சில இளைஞர்கள் தன்னார்வமாகத் தொடங்கிய நூலகம் நிறுவனம், புத்தகம், பத்திரிகை, சிறுசஞ்சிகை, கோயில் மலர், பாடசாலை மலர் என்று வருடி எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. நான் வேலைசெய்யும் இடத்தில் ஒரு சஞ்சிகையின் இதழ் இல்லையென்றால் முதலில் பார்ப்பது அங்கேதான். எங்களைப் போன்ற சம்பளம் வாங்கும் நூலகர்களுக்கு இது கொஞ்சம் வெட்கமான விசயமும்கூட.

எல்லாவற்றையும் வருடிப் போட்டுவிடவும் முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம் அலுவலகத்தை மூடும்போது மூன்று பெட்டிகளை எங்களிடம் தந்தது. ஒரு பெட்டிக்குள் யுத்தம் முடிந்த பின் பெண்களிடம் எடுத்த வாக்குமூலப் படிவங்கள், பெயர், கிராமம், குடும்ப விபரத்தோடு. எங்களோடு வேலைசெய்த தம்பி ஒருவர் ஆர்வத்தோடு ஸ்கானரைத் துடைத்து வைத்துவிட்டார். நான் மூன்று நூலகர்களுக்கு அழைப்பெடுத்தேன். அச்சான அறிக்கைகளைப் பொதுவில் வைப்பது, படிவங்களை மூடிய சேகரத்தில் வைத்து, அவற்றில் பேசிய பெண்களோ அவர்களின் குடும்பமோ கேட்டால் மட்டும் காட்டுவது என்று முடிவெடுத்தோம். இப்படியான பெட்டிகளுக்கு எல்லா நூலகங்களுக்கும் பொதுவான எழுத்துமூல விதி ஒன்று எங்களிடம் இன்னும் இல்லை. அடுத்த பெட்டி வரும்போதும் அழைப்புத்தான் எடுப்பேன்.

நூலகத்துக்குத் தேடி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கணினியில் இல்லை என்று சொன்னால் அதோடு போய்விட வேண்டாம். ஆண்டைச் சொல்லுங்கள், ஆணைக்குழுவின் அல்லது நிறுவனத்தின் பெயர் எந்த மொழியில் ஞாபகமிருந்தாலும் சொல்லுங்கள். அமர்வறிக்கைத் தொகுப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வேறெந்த நூலகத்தில் கேட்கலாம் என்று கேட்டு, அங்கே ஓர் அழைப்பு எடுத்துத் தரச் சொல்லுங்கள். அது சலுகை அல்ல, எங்கள் வேலை. வீட்டில் பழைய அறிக்கையோ துண்டுப்பிரசுரமோ இருந்தால், தரவேண்டும் என்றில்லை. இருக்கிறது என்று சொன்னாலே குறித்து வைப்போம்.

அந்த 1997 தொகுதிக்குள் இருக்கும் ஒவ்வொரு அறிக்கைக்கும் இப்போது எங்கள் பட்டியலில் தனித்தனிப் பதிவு உண்டு. வடக்கு கிழக்கு அறிக்கைக்கு மாவட்டப் பெயர்களையும், 'காணாமல் போனோர்', 'காணாமல் ஆக்கப்பட்டோர்' இரண்டையும் போட்டிருக்கிறேன். அதே அலுமாரியில் 1980 க்கு முந்திய தொகுதிகளுக்கு இன்னும் ஆண்டு மட்டும்தான் எழுதியிருக்கிறது. வாரத்துக்கு ஒன்றாகத் திறந்துகொண்டு வருகிறோம்.