ஜூப்பிட்டரும் தெட்டிசும் (ஓவியம்)

பிரெஞ்சு ஓவியர் ழான் ஓகுஸ்ட் தொமினிக் ஆங்கர் (1780–1867) 1811இல் ரோம் நகரில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் உடையது. தெற்குப் பிரான்சிலுள்ள எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் கிரானே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காட்சி ஹோமரின் இலியட் காவியத்து முதல் காண்டத்தைச் சேர்ந்தது. துரோய் போரின்போது கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன், வீரன் அக்கிலீசிடமிருந்து பிரிசெயிஸ் என்ற பெண்ணைப் பறித்துக்கொள்கிறான். மகன் பட்ட அவமானம் பொறாத கடல்தெய்வம் தெட்டிஸ், ஒலிம்பசு மலையேறித் தலைமைக் கடவுள் ஜூப்பிட்டரிடம் முறையிடுகிறாள்: கிரேக்கர் அக்கிலீசின் அருமையை உணரும்வரை துரோயர் கை ஓங்கியிருக்க வேண்டும். அவர் தலையசைத்தால் போதும், வரம் கிடைத்துவிடும். அந்த அசைவுக்கு முந்தைய கணத்தையே ஆங்கர் தேர்ந்துகொண்டார்.

ஜூப்பிட்டர் மேகங்களிடையே நேர்முகமாக, அசையாத சிலைபோல் வீற்றிருக்கிறார். 1806இல் ஆங்கர் வரைந்த, அரியணையில் அமர்ந்த நெப்போலியனும் இதே தோரணையில்தான் இருக்கிறார். தெட்டிஸ் மண்டியிட்டு ஒரு கையை அவர் மடிமீது கிடத்தி, மறுகையால் தாடியைத் தொடுகிறாள். முழங்காலையும் மோவாயையும் தொட்டு இரப்பது பண்டைய கிரேக்க வழக்கம். ஹோமரும் அப்படியே பாடியிருக்கிறார். ஆனால் இந்த ஓவியத்தில் அது இரத்தலா, கொஞ்சலா என்று பிரிக்க முடிவதில்லை. ஜூப்பிட்டரின் மனைவி ஜூனோ ஓரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதற்கும் அதுவே காரணம். காவியத்தில் அவளது சினம் பிறகுதான் வெடிக்கிறது. ஓவியர் அதை முன்கூட்டியே மேகத்தில் ஒளித்து வைத்துவிட்டார்.

தெட்டிசின் கழுத்து இயல்புக்கு மீறி நீண்டு வீங்கியிருக்கிறது. கைகளில் எலும்பே இல்லாததுபோல் ஒரு வளைவு. தன் ஆசிரியர் தாவீதின் உறுதியான உடற்கட்டை விட்டு, ஆங்கர் கோட்டின் ஓட்டத்துக்கே உடலைப் பணிய வைத்தார். ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் இலியடுக்கு வரைந்த கோட்டோவியங்களின் சாயல் இதில் தெரிகிறது.

அரசு உதவித்தொகையில் ரோமில் பயின்ற மாணவர்கள் பாரிசிலுள்ள கலைக்கழகத்துக்குப் படைப்புகளை அனுப்பியாக வேண்டியிருந்தது; ஆங்கர் கடைசியாக அனுப்பியது இது. கலைக்கழகத்தார் ஓவியத்தில் ஆழமும் திரட்சியும் இல்லை என்று குறைகூறினர். திரட்சி பற்றிய குறையில் உண்மை உண்டு, ஆயினும் அந்தத் தட்டையான தன்மையே ஓவியத்துக்கு வலிமை தருகிறது. 1834இல் அரசு இதை வாங்கி எக்ஸ் நகருக்கு அளித்தது. அருங்காட்சியகத்தின் பெயருக்குரிய ஓவியர் கிரானே, ஆங்கரின் நண்பர். 1807இல் ஆங்கர் வரைந்த அவருடைய உருவப்படமும் அங்கேயே உள்ளது.